காய்மகாரமும் பிறர் சிநேகமும்

நாம் சிறுவராக ஞானோபதேச வகுப்பில் அமர்ந்திருந்த நாள்களில், தலையான பாவங்கள் ஏழினையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். ஆங்காரம், கோபம், மோகம் என்று ஓடிவரும் வரிசையில் காய்மகாரம் என்னும் சொல் வந்ததும் நாக்கு ஒரு கணம் தடுமாறும். பொருள் தெரியாது. காயும் காரமும் சேர்ந்த சொல்லாய் இருந்தமையால், பிறர் தோட்டத்து மிளகாயைக் களவாய்ப் பறித்துத் தின்பதே அந்தப் பாவம் என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். உபதேசியார் இதைக் கேள்வியுற்று நெடுநேரம் சிரித்தார், ஆனால் திருத்தவில்லை. "பெரியவனானால் தானாகத் தெரிந்துவிடும்" என்றார். தெரிந்தது.

ஞானோபதேசத்தில் ஒவ்வொரு தலையான பாவத்துக்கும் எதிரான புண்ணியம் ஒன்று கூறப்படும். ஆங்காரத்துக்குத் தாழ்ச்சி, கோபத்துக்குப் பொறுமை. காய்மகாரத்துக்குப் பிறர் சிநேகம். குருமடத்தில் அறநெறி இயல் பயின்ற காலத்தில் இந்த இணைப்பு நமக்குச் சற்றே வியப்பளித்தது. பொறாமைப்படுகிறவனுக்கு மருந்து, உள்ளதே போதுமென்ற மனநிறைவாக அன்றோ இருத்தல் வேண்டும் என்று நினைத்தோம். புனித தோமா அக்குவினாரின் விளக்கத்தைப் படித்தபோதுதான் ஐயம் தீர்ந்தது. பிறர் பெற்ற நன்மையைக் கண்டு, அது நமது பெருமையைக் குறைப்பதாகக் கருதி வருந்துவதே பொறாமை என்கிறார் அவர். அன்போ பிறர் நன்மையில் மகிழ்வது. ஆகவே இரண்டும் ஒரே பொருளைப் பார்க்கின்றன. ஒன்று அழுகிறது, மற்றது சிரிக்கிறது. தனக்கு உள்ளது போதும் என்று நிறைவாயிருப்பவன்கூட, அயலானுக்கும் அது கிடைத்துவிட்டதே என்று புழுங்கக் கூடும். அந்தப் புழுக்கத்தை மனநிறைவு ஆற்றாது.

பொறாமை என்ற தமிழ்ச் சொல்லும் பொறுக்க மாட்டாமையைக் குறிப்பதே. திருவள்ளுவர் இதற்கென்று அழுக்காறாமை எனத் தனி அதிகாரமே வகுத்தார். இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் 'இன்விதியா' என்னும் சொல், கோணலாய்ப் பார்ப்பது என்ற பொருளில் பிறந்தது. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையிலும், கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்ததைக் கண்டு முணுமுணுத்தவனை நோக்கி நிலக்கிழார் கேட்கும் கேள்வி, கிரேக்க மூலத்தில் கண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது: உன் கண் தீயதாகிவிட்டதோ என்பது அதன் கருத்து. நம் மக்கள் 'கண்ணேறு' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் இந்த உவமையே நம் நினைவுக்கு வரும். கண் வழியாகவே இந்த நோய் நுழைகிறது என்பதில் எல்லா மொழியினரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் ஏட்டுப் படிப்பு. இனி, ஏட்டை விட்டுக் கரிசல் காட்டுக்கு வருவோம்.

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த பகுதி வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் மணலே மிகுதி. தண்ணீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய்கள் நிறையும். பொய்த்தால் சீமைக் கருவேலமே விளைச்சல். அதிலும் மழை எல்லோருக்கும் ஒன்றுபோல் பெய்வதில்லை. மாட்டின் ஒரு கொம்பு நனைந்து மறு கொம்பு நனையாமல் வீடு வந்ததாக இங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வர். வரப்புக்கு அந்தப் பக்கம் ஈரம், இந்தப் பக்கம் வெடிப்பு என்றால், விவசாயியின் நெஞ்சில் என்ன முளைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நீர்வளம் மிக்க ஊர்களில் பணியாற்றும் நமது சகோதர குருக்கள், மழைக்காக மன்றாட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே, பக்கத்துக் காட்டில் பெய்த மழைக்கு நன்றி சொல்லவும் மக்களைப் பழக்க வேண்டியிருக்கிறது.

குமாரலிங்கபுரம் என்ற பெயரை விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே பலர் கேட்டது 2023-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், மத்திய அரசு நாட்டில் ஏழு இடங்களில் அமைக்கவிருந்த பெரிய ஜவுளிப் பூங்காக்களுள் தமிழ்நாட்டுக்குரியது இ.குமாரலிங்கபுரத்தில், சிப்காட் நிறுவனத்தின் 1,052 ஏக்கர் நிலத்தில் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு பேச்சில் இடம்பெறாத ஒரு பொருள் அதற்குப் பின் தேநீர்க் கடைப் பலகைகளில் நாள்தோறும் பேசப்படலாயிற்று. யார் எப்போது எந்த நிலத்தை என்ன விலைக்கு விற்றார் என்பதே அது. முந்தி விற்றவர் பிந்தி விற்றவரைப் பார்த்தார். விற்க நிலமே இல்லாதவர் இருவரையும் பார்த்தார். நாம் எவரையும் குறை கூறவில்லை. நமக்கும் அங்கே ஒரு காணி இருந்திருந்தால் நாமும் கணக்குப் பார்த்திருப்போம்.

அந்தப் பக்கத்தில்தான் நாம் சொல்ல வந்த அண்ணன் தம்பி இருவரின் நிலமும் இருக்கிறது. பெயரும் வீடும் வேண்டா. தந்தை விட்டுச் சென்ற நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். தம்பி ஆழ்துளைக் கிணறு இறக்கினார். நல்ல தண்ணீர் கிடைத்தது. அதைக் கண்டு மறு ஆண்டில் அண்ணனும் வட்டிக்கு வாங்கி இறக்கினார். தம்பியின் கிணற்றைவிட இன்னும் ஆழமாகவே இறக்கினார். வெள்ளைப் புழுதி வந்தது. இரண்டு துளைகளுக்கும் இடையே இருந்த தொலைவு, ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தொலைவுதான். பாறைக்குள் வெடிப்பு ஓடும் வழியில் துளை பட்டால் தண்ணீர், பட்டில்லையெனில் புழுதி. இதில் ஒருவருடைய புண்ணியமும் இல்லை, மற்றவருடைய பாவமும் இல்லை. ஆனால் கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் நிலத்தடிப் பாறையின் இயல்பை எடுத்துரைக்க யாரால் முடியும்?

குழாய் போட்டுத் தண்ணீர் தருவதாகத் தம்பி இருமுறை சொல்லியனுப்பினார். அண்ணன் மறுத்துவிட்டார். அவருடைய மிளகாய் நாற்று அந்தக் கோடையில் கருகியது. பிறகு திருப்பலிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஞாயிறுதோறும் தம்பி வாசகம் வாசிப்பதே காரணம் என்று அவருடைய மனைவி நம்மிடம் கூறினார்.

ஒருநாள் பிற்பகல், குமாரலிங்கபுரம் சாலையோரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அவரைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். இதனை நாம் எழுதுவது அவருடைய இசைவுடன்தான். மேலும் அன்று பேசியது மரத்தடிப் பேச்சே. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டவற்றைக் குரு எவரும் எங்கும் எழுதமாட்டார் என்பது வாசகர்கள் அறிந்ததே.

"என்ன அண்ணாச்சி, கோயில் பக்கம் காணோமே" என்றோம்.

"வந்து என்ன சாமி செய்யப்போறேன்? அவன் மோட்டார் கொட்டகையில திருஷ்டி பொம்மை கட்டியிருக்கான், பாத்தீங்களா? எந்தப் பக்கம் பாத்துக் கட்டியிருக்கான்? என் காட்டப் பாத்து. கூடப்பொறந்தவன் கண்ணுக்குப் பயந்து பொம்மை கட்டுறவன், அங்க வந்து அன்பப் பத்தி வாசிக்கிறான். நான் கேக்கணுமா?"

நாம் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். நாக்கை நீட்டிய ஒரு பொம்மை, கரிசலைத் தாண்டி நேரே அண்ணனின் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேதக்காரர் வீட்டில் திருஷ்டி பொம்மை எதற்கு என்று தம்பியைக் கேட்டுக்கொள்வோம். அது வேறு வழக்கு. முதலில் இந்த மனிதருக்கு என்ன சொல்வது?

மறையுரைக்காகப் படித்து வைத்திருந்த ஒரு வரலாறு கைகொடுத்தது. மதுரை மறைபரப்புத் தளத்தின் தொடக்க வரலாறு அது; நம் அனைவருடைய விசுவாசத்துக்கும் பாட்டன் வீட்டுக் கதை எனலாம்.

1595-ஆம் ஆண்டு முதல் மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற சேசு சபைக் குரு பணியாற்றி வந்தார். போர்த்துக்கல் நாட்டவர், முன்னாளில் போர்வீரர். கடற்கரையிலிருந்து வாணிகத்துக்காக வந்து தங்கிய பரவ குலக் கிறித்தவர்களுக்கும் போர்த்துக்கேசியருக்கும் அருட்சாதனங்களை வழங்கினார், பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். குறை சொல்ல இடமில்லாத உழைப்பு. ஆனால் 11 ஆண்டுகளில் மதுரை நகரத்து இந்துக்களுள் ஒருவரைக்கூட அவரால் திருமறைக்குக் கொணர முடியவில்லை.

1606-ஆம் ஆண்டு இத்தாலியப் பிரபு குலத்தில் தோன்றிய இராபர்ட் தெ நொபிலி அங்கே வந்தார். வயது 29. பின்னர் அவர் தமது கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், புலால் தவிர்த்தார், பெர்னாந்தஸ் அடிகளின் இல்லத்தை விட்டுத் தனிக் குடிலுக்குப் போய்விட்டார். தத்துவ போதகர் என்று அவரை நாடிக் கற்றோர் வரலாயினர். அவரால் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் யார் தெரியுமா? முதியவர் பெர்னாந்தஸ் நடத்திய அதே பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்! இருபது நாள்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் வாதாடி, இறுதியில் அவர் தலைவணங்கினார். ஒரே கூரையின்கீழ் இருந்தும் பெரியவரால் தொட முடியாத உள்ளத்தைப் புதியவர் இருபது நாளில் தொட்டுவிட்டார்.

1610-ஆம் ஆண்டு பெர்னாந்தஸ் தமது மேலாளர்களுக்கு ஒரு நீண்ட முறையீடு எழுதினார். பூணூல், சந்தனம், குடுமி, தனிக் கோயில், தனிச் சமையல் ஆகிய அனைத்தையும் குற்றமாக அடுக்கினார். வழக்கு கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் உரோமைக்கும் சென்றது. 1619-ஆம் ஆண்டு கோவாவில் கூடிய அவையில் நொபிலிக்கு எதிரான கருத்தே ஓங்கியிருந்தது. இறுதியாக 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் விடுத்த ஆணையினால் நொபிலியின் வழிமுறைக்கு இசைவு கிடைத்தது. முறையீடு எழுந்த நாள் முதல் தீர்ப்பு வரையில் கழிந்தவை 13 ஆண்டுகள்.

இதைப் பொறாமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் நூலாசிரியர்கள் உண்டு. நாம் அவ்வாறு எழுத அஞ்சுகிறோம். ஏனெனில் பெர்னாந்தஸ் எழுப்பிய கேள்விகளுள் சில இன்றளவும் நம்மை உறுத்துவன. ஒரே ஆண்டவரை வணங்குவோர் சாதி பார்த்து இரண்டு கோயில்களில் கூடலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வி தவறென்று எந்தக் குருவால் சொல்ல முடியும்? முதியவருக்கு நியாயமான குறை இருந்தது. ஆனால் நியாயமான குறை என்பது பொறாமைக்கு மிகவும் வசதியான வீடு. வாடகையின்றிக் குடியிருக்கலாம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீட்டுக்காரர் மட்டுமே தெரிவார். பெர்னாந்தஸ் அடிகளின் உள்ளத்தில் எது எவ்வளவு என்பது இறைவன் ஒருவரே அளக்கத்தக்கது.

இங்கே இடையில் ஒன்று. மறுபுறமாகவும் நாம் தவறுவதுண்டு. மறவ நாட்டில் புனித அருளானந்தர் 1693 பெப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு மறைசாட்சியானதைப் பேசும்போது, தடியத்தேவரின் இளைய மனைவியின் காய்மகாரமே அதற்குக் காரணம் என்று பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருக்கிறோம். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபோது மூத்தவர் ஒருவரை மட்டும் மனைவியாகக் கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளையவர் சேதுபதி மன்னரின் உறவினர். மன்னரிடம் போய் முறையிட்டார். எவ்வளவு பெரிய கொடுமை அதனால் விளைந்தபோதிலும், தான் செய்யாத குற்றத்துக்காகத் தெருவில் நின்ற ஒரு பெண்ணின் வேதனையைக் காய்மகாரம் என்று அழைத்தது நீதியன்று. இப்போது நாம் அவ்வாறு பேசுவதில்லை. இழந்தவரின் அழுகை வேறு; எதையும் இழக்காமலே அழுவது வேறு.

வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். பெர்னாந்தஸ், நொபிலி வரலாற்றை அண்ணாச்சி கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அது நானூறு வருசத்துக் கதை சாமி. செத்தவங்க கதை. நீங்க யாரப் பாத்து வயிறெரிஞ்சீங்க? அதச் சொல்லுங்க."

குருமடத்தில் எந்தப் பேராசிரியரும் நம்மை இப்படி மடக்கியதில்லை. மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவருடைய கண் நம்மை விடவில்லை. ஆகவே சொன்னோம். அவரிடம் சொன்னதை வாசகர்களிடம் மறைப்பது அழகன்று.

நம்மோடு குருமடத்தில் ஒரே வகுப்பில் பயின்று ஒரே நாளில் குருப்பட்டம் பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. படிப்பில் நமக்கும் அவருக்கும் அதிக வேறுபாடில்லை. உண்மையைச் சொன்னால் இறையியல் தேர்வுகளில் நாமே ஓரிரு மதிப்பெண் மேலே நின்றோம். ஆனால் மறையுரைப் பீடத்தில் ஏறினால் அவர் வேறொரு மனிதர். மக்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், மனந்திரும்புவார்கள். நவநாள்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஊர் ஊராக அவரை அழைத்தார்கள். அவர் நகரத்துப் பங்குகளில் பணியாற்றினார். நாம் கருவேலங்காட்டுக் கிளைப்பங்குகளில் இரு சக்கர வண்டியின் சங்கிலியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். நம்முடைய கோயில்பிள்ளையே ஒருநாள், "திருவிழாவுக்கு அந்தச் சாமியக் கூப்பிடுவோமா சாமி? சனம் நெறைய வரும்" என்றார். அவர் கள்ளமின்றிச் சொன்னார். நாம் அன்றிரவு உண்ணவில்லை. வயிறு சரியில்லை என்று சமையல்காரரிடம் கூறினோம். அது பொய்யன்று. வயிற்றெரிச்சல் என்று நம் முன்னோர் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

பேரறிஞர் தோமா மற்றொன்றும் கூறுகிறார். தொலைவிலுள்ளவரைப் பார்த்து எவரும் பொறாமை கொள்வதில்லை; இடத்தாலும் வயதாலும் நிலையாலும் நமக்கு அருகிலிருப்பவரையே பார்க்கிறோம். உலகமே வியக்கும் போதகர் ஒருவர் உரோமையில் பேசினால் நாம் கைதட்டுவோம். ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்தவன் பேசினால்தான் கை எழவில்லை. ஆபேலும் காயினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யோசேப்பைக் குழியில் தள்ளியவர்கள் அண்ணன்மார்.

ஆயினும் இதுவரை சொன்னது நோயின் தொடக்கமே. ஓர் ஆண்டு அந்த நண்பருக்கு இருதய நோய் கண்டது. அறுவை மருத்துவம் நடந்ததென்றும், இனி நெடுநாள் உரத்துப் பேசக் கூடாதென்றும் செய்தி வந்தது. அதைக் கேட்ட அந்த நொடியில் நமது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இலேசாயிற்று. ஒரு சுமை இறங்கியதுபோல. ஒரு நொடிதான். உடனே, நமக்குள் என்ன நேர்ந்தது என்பது விளங்கியது. பெரிய கிரகோரியார் பொறாமையின் புதல்வியர் என்று சொல்லும் பட்டியலில், அயலானின் கேட்டில் மகிழ்தல் என்ற ஒன்று உண்டு. குருமடத்தில் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். அன்று அந்தப் புதல்வியை நம் வீட்டுக்குள்ளேயே நேருக்கு நேர் கண்டோம். பிலாத்துவுக்கு ஒன்று தெரிந்திருந்தது என்று நற்செய்தியாளர் எழுதுகிறார்: இயேசுவை அவர்கள் கையளித்தது பொறாமையினால் என்பது. ஒரு புறவினத்து ஆளுநனுக்குத் தெரிந்த உண்மை, நாள்தோறும் பீடத்தில் நிற்கும் நமக்குத் தெரிய அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

நாம் செய்தது பெரிதொன்றுமன்று. நமது ஆன்ம குருவிடம் எல்லாவற்றையும் கூறினோம். அவர் நீண்ட அறிவுரை எதுவும் தரவில்லை. நாள்தோறும் திருப்பலியில் அந்த நண்பரின் பெயரைச் சொல்லி, அவருடைய குரல் திரும்பவேண்டும் என்று மன்றாடும்படி பணித்தார். "குரல் திரும்ப வேண்டும் என்றா? உடல்நலம் என்று பொதுவாகச் சொன்னால் போதாதா?" என்று கேட்டோம். "போதாது. உமக்கு எது குத்துகிறதோ அதையே அவருக்குக் கேளும்" என்றார்.

முதல் மாதங்களில் அந்த மன்றாட்டு வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது. சொல் உதட்டில் இருக்கும். மனம் வேறெங்கோ இருக்கும். ஆனால் அன்பு என்பது முதலில் உணர்ச்சியன்று, பிறருக்கு நன்மையை விரும்பும் சித்தம் என்று நாமே மணமக்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறோமே! அந்தப் பாடத்தை நமக்கு நாமே எடுத்துக்கொண்டோம். பிறகு ஒருநாள் பேருந்தேறி அவரைக் காணச் சென்றோம். அவர் மெலிந்திருந்தார். நமது கையைப் பற்றிக்கொண்டு, அலமாரியிலிருந்த நோட்டுப் புத்தகங்களைக் காட்டி, "இவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் இனி எப்போது முடியுமோ, தெரியாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருடைய மறையுரைக் குறிப்புகள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஏழெட்டுப் பக்கங்கள். எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, அதையும் அடித்திருந்தார். ஓரத்தில் நாளும் நேரமும் குறித்திருந்தார். செவ்வாய்க்கிழமை தொடங்கிய குறிப்பு சனிக்கிழமை நள்ளிரவில் முடிந்திருந்தது. ஒரு பக்கத்தில், இந்த உவமை பீடி சுற்றும் பெண்களுக்குப் புரியாது, வேறு தேடு என்று தமக்குத் தாமே எழுதிக்கொண்டிருந்தார். பிறவிக் கொடை என்று நாம் எண்ணிப் புழுங்கிய ஒன்று, வாரத்தில் ஐந்து இரவுகளின் உழைப்பாயிருந்தது. நாமோ சனிக்கிழமை இரவு உணவுக்குப் பிறகே மறுநாள் வாசகத்தைப் பிரிப்பவராயிருந்தோம். பொறாமைப்பட்ட ஆண்டுகள் அத்தனையிலும் அவருடைய பழத்தைத்தான் பார்த்தோம். அவர் வேரில் ஊற்றிய தண்ணீரைப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகளில் அவர் ஓரளவு தேறினார். நமது பங்குத் திருவிழாவுக்கு அவரையே அழைத்தோம். கோயில்பிள்ளை சொன்னது மெய்யாயிற்று. மக்கள் நிறைய வந்தார்கள். பழைய முழக்கம் இல்லை, மெல்லிய குரல்தான். ஆயினும் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்போது நமக்கு அந்தப் பழைய எரிச்சல் அறவே இல்லையா என்று அண்ணாச்சி கேட்டார். இருந்தது என்றோம். முள் போனாலும் முள்ளிருந்த இடம் தொட்டால் நோகும். ஆனால் அன்று பீடத்தருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, எப்போது அவர் முடிப்பார் என்று நாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நமக்கு அதுவே பெரிய அற்புதம்.

எல்தாதும் மேதாதும் பாளையத்துக்குள் இறைவாக்கு உரைத்தபோது, அவர்களைத் தடுக்குமாறு மோசேயிடம் இளைஞர் யோசுவா சொன்னார். மக்கள் அனைவருமே இறைவாக்கினராகிவிட்டால் எவ்வளவு நன்று என்று மோசே ஏங்கினார். பவுலடிகளார் சிறையில் கிடந்தபோது, அவர்மேல் பொறாமை கொண்ட சிலர் போட்டிக்காகவே கிறித்துவைப் போதித்தார்கள். எவ்வாறாயினும் கிறித்து அறிவிக்கப்படுகிறாரே என்று அவர் மகிழ்ந்ததாகப் பிலிப்பியருக்கு எழுதினார். திருமுழுக்கு யோவானோ, தம் சீடர்கள் மனம் புழுங்கியபோது, மணமகனின் குரல் கேட்டு மகிழும் தோழனாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். இவர்களெல்லாம் பெரியவர்கள். நமக்குக் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கும் வரம் போதும் என்று அண்ணாச்சியிடம் கூறினோம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வெயில் சாய்ந்துவிட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அந்தப் பொம்மைய எடுக்கச் சொல்லுங்க சாமி. அப்புறம் பாப்போம்" என்றார்.

தம்பியிடம் போனோம். பொம்மையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் சுண்டியது. மாமியார் வாங்கி வந்து கட்டியதாகவும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தாம் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். நாம் அதை முழுதும் நம்பினோம் என்று சொல்லமாட்டோம். தண்ணீர் தருவதாகச் சொல்லியனுப்பினேனே என்று அவர் ஆதங்கப்பட்டார். "ஆள் மூலமாகத்தானே சொல்லியனுப்பினாய்? நீ போனாயா?" என்றோம். பதில் இல்லை. கொடுக்கிறவனுக்கும் ஒரு நோய் உண்டு. பெறுகிறவன் கைநீட்டி நிற்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். ஆனால் பொம்மையை அவர் அன்றே, நம் கண்முன்னே, ஏணி வைத்து ஏறி அவிழ்த்தார்.

மூன்று வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்ணன் ஒரு நிபந்தனை விதித்தார்: குழாயை இரவில் போட வேண்டும், ஊரார் பார்க்கக் கூடாது. தம்பி தாமே நேரில் போய்ச் சரியென்றார். ஒரு சனிக்கிழமை இரவு இருவரும் கைவிளக்கை வைத்துக்கொண்டு வரப்பின் குறுக்கே கறுப்புக் குழாயை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இணைப்பில் கசிவு ஏற்பட்டுப் பாதை நெடுகச் சேறாகியிருந்தது.

அந்த ஞாயிறன்று தம்பி முதல் வாசகம் வாசித்தார். அண்ணன் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது அவர் காத்திருக்கவில்லை. கிழிந்த சைக்கிள் டியூப் ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, கசிவைக் கட்டுவதற்காக வேகமாகக் காட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.